பொற்கன்றுக்குட்டி: அவர்கள் தேடியது வேறு தெய்வத்தையா?

கூடாரவாசி (இழையைத் தொடங்கியவர்)

பொற்கன்றுக்குட்டி என்றாலே ஒரே விளக்கம்தான் காதில் விழுகிறது: இஸ்ரவேலர் கர்த்தரை மறந்து வேறு தெய்வத்தைத் தேடிப் போனார்கள். யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

காரணம் முதல் வசனத்திலேயே இருக்கிறது. மோசே சீனாய் மலையிலிருந்து இறங்கத் தாமதிக்கிறார். ஜனங்கள் மோசேயின் சகோதரன் ஆரோனைச் சூழ்ந்துகொண்டு, எங்களுக்கு முன்னே போவதற்கு ஒன்றைச் செய்துகொடும், எகிப்திலிருந்து எங்களைக் கூட்டிவந்த அந்த மோசேக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை என்கிறார்கள். காணோம் என்று அவர்கள் புலம்புவது மோசேயை. கன்றுக்குட்டி தயாரானதும் ஆரோன் பலிபீடம் கட்டி என்ன அறிவிக்கிறான்? “நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை.” பாகால் பெயரும் இல்லை, எகிப்தியத் தெய்வத்தின் பெயரும் இல்லை. மறுநாள் காலையில் தகனபலி, சமாதானபலி எல்லாம் முறைப்படி நடக்கின்றன.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 20-ஆம் அதிகாரம். இடி, மின்னல், புகையும் மலை. பயந்துபோன ஜனங்கள் மோசேயிடம், நீரே எங்களோடு பேசும், தேவன் நேரில் பேசினால் செத்துப்போவோம் என்று கெஞ்சுகிறார்கள். நேரடித் தொடர்பு வேண்டாம் என்று சொல்லி நடுவில் ஒரே ஓர் ஆளை நிறுத்தியது அவர்களேதான். அந்த ஆள் மேகத்துக்குள் ஏறிப்போய் 40 நாள். கீழே ஒரு தகவலும் கிடையாது.

அவர்களுக்கு வேண்டியிருந்தது அதே கர்த்தர்தான் என்று நினைக்கிறேன். இப்போதே வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். கொடுமை என்னவென்றால், அதே நாட்களில் மலைமேல் நடந்துகொண்டிருந்தது ஆசரிப்புக் கூடாரத்துக்கான அளவு, துணி, தங்கம், பலகை பற்றிய பேச்சு. கர்த்தர் அவர்கள் நடுவில் வந்து தங்குவதற்கான ஏற்பாடு. 25 முதல் 31 வரை ஏழு அதிகாரம் அதற்கே போகிறது. கீழே இருந்தவர்கள் கேட்டது மேலே தயாராகிக்கொண்டிருந்தது.

ஆகவே என் கேள்வி: இந்தப் பாவத்தின் வேர் விக்கிரகமா, பொறுமையின்மையா?

டீக்கடை தாவீது

தோத்திரம் பிரதர். ஆரோனுக்கு வக்கீல் வேலை நன்றாகத்தான் பார்க்கிறீர்கள். போர்டில் பெயர் சரியாக இருந்தால் கடைக்குள் விற்கிற சரக்கும் சரியாகிவிடுமா?

யாதொரு சொரூபத்தையும் உண்டாக்க வேண்டாம் என்ற கட்டளை எப்போது வந்தது? சில வாரங்களுக்கு முன்னால், இதே மலையடிவாரத்தில். 24-ஆம் அதிகாரத்தில் “எல்லாவற்றையும் செய்வோம்” என்று ஒரே குரலாகச் சொன்னார்கள், இரத்தம் தெளித்து உடன்படிக்கை ஆனது. அதன்பிறகு கர்த்தர் பெயரிலேயே ஒரு மாட்டைச் செய்கிறார்கள் என்றால் அது இன்னும் மோசம்.

மறக்கவில்லை என்கிறீர்கள். 106-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஓரேபிலே (சீனாய் மலைக்கு இன்னொரு பெயர்) கன்றுக்குட்டியை உண்டாக்கினார்கள், தங்கள் மகிமையைப் புல்லைத் தின்கிற மாட்டின் சாயலாக மாற்றினார்கள், தங்கள் இரட்சகரான தேவனை மறந்தார்கள். “மறந்தார்கள்” என்றே இருக்கிறது. நான் சேர்த்தது ஒன்றுமில்லை.

கூடாரவாசி

தாவீது அண்ணே, 106-ஐ எடுத்தது நல்லதாகப் போயிற்று. அதே சங்கீதத்தில் கொஞ்சம் மேலே, 13-ஆம் வசனம். சீக்கிரமாய் மறந்தார்கள், அவருடைய ஆலோசனைக்குக் காத்திராமல் போனார்கள். மறதியும் காத்திராமையும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. செங்கடல், இறைச்சி கேட்டது, கன்றுக்குட்டி, உளவாளிகள், பாகால்பேயோர் என்று போகிற பட்டியல் இந்த வசனத்திலிருந்துதான் வேகம் பிடிக்கிறது. நான் சொல்வதும் அதைத்தானே.

மண்மேடு

வழக்கம்போல நான் மண்ணைத் தோண்டிக்கொண்டு வருகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் அமிஹாய் மசார் என்ற தொல்லியலாளர் சமாரியா மலைப்பகுதியில், தோத்தானுக்குப் பக்கத்தில், ஒரு குன்றின் உச்சியில் இருந்த திறந்தவெளி வழிபாட்டு இடத்தை ஆய்வு செய்து எழுதினார். கி.மு. 12-ஆம் நூற்றாண்டு, அதாவது நியாயாதிபதிகள் காலம் என்று நாம் சொல்லுகிற காலம். அங்கே கிடைத்தது சுமார் 18 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கலக் காளை. கையில் தூக்கிப் பார்க்கிற அளவுதான். திமில் இருக்கிறது, கொம்பு முன்பக்கம் வளைந்திருக்கிறது, கண் இருந்த இடத்தில் குழி. வேறு பொருள் ஏதோ அந்தக் குழியில் பதித்திருந்திருக்க வேண்டும். அந்தப் பகுதியின் சிற்றூர்கள் பெரும்பாலும் ஆரம்பகால இஸ்ரவேலருடையவை என்பதால் இது அவர்கள் கும்பிட்டதாக இருக்கலாம் என்பது மசாரின் கருத்து. கானானியர் பொருள் என்று மறுப்பவர்களும் உண்டு.

அஸ்கலோனில் 1990-இல் கிடைத்த வெள்ளிக் கன்று இன்னும் பழையது, ஏறக்குறைய கி.மு. 1600. உள்ளே வெண்கலம், மேலே வெள்ளித் தகடு. அதை வைப்பதற்கென்றே ஒரு சிறு மண்கோயில், கூடவே கிடைத்தது. அது சுத்தமாகக் கானானியருடையது. ஆக, மோசேயின் ஜனங்கள் காளையைக் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. அந்த வட்டாரத்தில் தெய்வத்தின் பலம் என்றால் காளைதான். சிரியாவில் உகாரித் என்ற ஊரில் கிடைத்த களிமண் பலகைகளில் ஏல் தெய்வத்தின் பட்டப்பெயரே “காளை”. புயல் தெய்வம் ஹதாத் காளையின் முதுகில் நின்றபடி எத்தனையோ கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறார்.

இதை வைத்து ஆல்பிரைட் என்ற அறிஞர் ஒன்று சொன்னார். காளை தெய்வம் இல்லை, தெய்வம் நிற்கிற பீடம். கண்ணுக்குத் தெரியாத கர்த்தர் அதன்மேல் நிற்பதாக நினைத்திருப்பார்கள். எருசலேம் ஆலயத்தில் கேருபீன் என்ற சிறகுள்ள உருவங்களின் மேலே வெற்றிடம் இருந்ததே, அதே மாதிரி. கூடாரவாசியின் வாதத்துக்கு இது தோதானது. ஆனால் ஒரு சிக்கல். பீடத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள வித்தியாசம் பூசாரிக்குத் தெரியும், கூட்டத்தில் பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியுமா? ஓசியா தீர்க்கதரிசி காலத்தில் ஜனங்கள் கன்றுக்குட்டிகளை முத்தமிடுகிறார்கள் என்று அவரே எழுதுகிறார். பீடத்தை யாரும் முத்தமிடுவதில்லை.

மரியா டீச்சர்

தம்பி மண்மேடு சொன்ன கேருபீன் விஷயத்தில் எனக்கு நெடுநாள் சந்தேகம். நாங்கள் கத்தோலிக்கர், சுரூபம் வைத்திருக்கிறோம் என்று அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள். உடன்படிக்கைப் பெட்டியின்மேல் தங்கத்தில் இரண்டு கேருபீன்கள் செய்யச் சொன்னது கடவுளே. கன்றுக்குட்டியும் தங்கம், கேருபீனும் தங்கம். இரண்டுக்கும் காதணிகள் மக்களிடமிருந்துதான் வந்தன. 35-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் காதணி, மோதிரம், ஆரம் எல்லாம் கழற்றித் தருகிறார்கள். அடுத்த அதிகாரத்தில், போதும் போதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுக்கச் சொல்லியனுப்ப வேண்டிய அளவுக்கு வந்து குவிகிறது. ஆகவே உலோகத்திலோ உருவத்திலோ மட்டும் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யார் சொல்லி, எப்போது செய்தார்கள் என்பதும் சேர்ந்துதான் வருகிறது.

இன்னொன்று. கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் உடைந்தபின் மோசே திரும்பவும் மலையேறுகிறார். திரும்பவும் 40 நாள், 34-ஆம் அதிகாரத்தில். அந்த இரண்டாவது நாற்பது நாளைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கீழே ஒரு கலகமும் இல்லை. அதே மக்கள், அதே பாலைவனம், அதே காத்திருப்பு. என்ன மாறிவிட்டது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

டீக்கடை தாவீது

என்ன மாறியது டீச்சர்? கன்றுக்குட்டிக்குத் தண்டனையாக 3,000 பேர் செத்திருந்தார்கள். பயம் வந்துவிட்டது.

மரியா டீச்சர்

பயம் மட்டும்தானா? 33-ஆம் அதிகாரத்தில் கடவுள், தூதனை அனுப்புகிறேன், நான் உங்கள் நடுவே வரமாட்டேன் என்கிறார். அதைக் கேட்டு அவர்கள் துக்கப்பட்டு நகைகளைப் போடாமல் விடுகிறார்கள். அவர் வராமல் போனால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முதல்முறையாக உறைத்திருக்க வேண்டும். மோசேயும் உமது சமுகம் வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

நூர்

அஸ்ஸலாமு அலைக்கும். இதே சம்பவம் குர்ஆனில் ஏழாவது அத்தியாயத்திலும் இருபதாவது அத்தியாயமான தாஹாவிலும் வருகிறது. வித்தியாசங்கள் இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

அங்கே கன்றைச் செய்தவர் ஹாரூன் (அலை) இல்லை, சாமிரி என்பவன். (நீங்கள் ஆரோன், மோசே என்பவர்களை நாங்கள் ஹாரூன், மூஸா என்போம்.) கன்றிலிருந்து மாடு கத்துகிற சத்தம் வந்தது. ஹாரூன் தடுத்துப் பார்க்கிறார். மூஸா திரும்பி வரும்வரை இதை விடமாட்டோம் என்று மக்கள் சொல்லிவிடுகிறார்கள். என்னைப் பலவீனன் என்று நினைத்தார்கள், கொல்லவும் பார்த்தார்கள் என்று பின்னால் அவர் அண்ணன் தம்பி உறவைச் சொல்லி முறையிடுகிறார்.

நாட்கணக்கும் கவனிக்க வேண்டியது. முதலில் முப்பது இரவு என்று வாக்களிக்கப்பட்டு, பிறகு பத்து சேர்த்து நாற்பதாக நிறைவு செய்யப்படுகிறது. கீழே இருந்தவர்களுக்கு அந்தப் பத்து இரவு எப்படிக் கழிந்திருக்கும்?

மூஸா (அலை) திரும்பி வந்து கேட்கிற கேள்வி, உங்கள் இறைவனின் கட்டளைக்கு முன்பே அவசரப்பட்டுவிட்டீர்களா என்பது. ஆனால் தாஹாவில் அதற்கு முன்பே இன்னொரு கேள்வி இருக்கிறது. மலையில் அல்லாஹ் மூஸாவிடம், உம் மக்களை விட்டு இவ்வளவு விரைந்து வரக் காரணம் என்ன என்று கேட்கிறான். இறைவா, நீ திருப்தி அடைவதற்காக விரைந்து வந்தேன் என்கிறார் மூஸா. மேலே ஏறியவரிடமும் அவசரம் பற்றிய கேள்வி, கீழே நின்றவர்களிடமும் அதே கேள்வி.

கூடாரவாசி

நூர் பாய், இது எனக்குப் புதிது. நன்றி.

யூத மரபிலும் நாட்கணக்குப் பிரச்சினை உண்டு. 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி சொல்வது இது: 40 நாளில் வருவேன் என்று மோசே சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் ஏறிய நாள் கணக்கில் சேராது. ஜனங்கள் அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். ஒரு நாள் முன்னதாகவே காலக்கெடு முடிந்துவிட்டதாக நினைத்துக் கலங்கினார்கள். அதாவது இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அவரே வந்திருப்பார். வேதத்தில் நேராக இப்படி இல்லை. 24:14-இல் மூப்பர்களிடம், நாங்கள் திரும்பி வரும்வரை இங்கே காத்திருங்கள், ஆரோனும் ஊர் என்பவரும் உங்களோடு இருக்கிறார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது.

அந்த ஊர் என்பவர் அதற்குப் பிறகு கதையில் காணாமல் போகிறார். எதிர்த்துப் பேசியதால் ஜனங்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள், அதைப் பார்த்துத்தான் ஆரோன் பயந்தான் என்பது தல்முத் என்ற யூத நூல் சொல்லும் கதை.

சும்மா படிப்பவன்

எனக்கு எந்த மதமும் கிடையாது, வாசிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். எல்லாரும் ஜனங்களையே கூண்டில் ஏற்றுகிறீர்கள். அவர்கள் பக்கம் நின்று ஒருவராவது பேச வேண்டாமா?

தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுத்தவர்கள். வழி தெரியாத பாலைவனம். குழந்தை குட்டி, ஆடு மாடு. வழி தெரிந்த ஒரே ஆள் புகைகிற மலைக்குள் போய்விட்டார். தேதி சொன்னாரா? கூடாரவாசி காட்டிய வசனப்படி இல்லை. இந்த நிலையில் நாற்பது நாள் சும்மா இருந்ததே பெரிய விஷயம். அதற்குத் தண்டனை 3,000 பேர், அதுவும் லேவியர் தங்கள் சகோதரனையும் அயலானையும் வெட்டி. கன்றைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்தது வேறு.

அப்புறம் ஒரு கேள்வி. மரத்தையும் உலோகத்தையும் கடவுள் என்று யாராவது நிஜமாக நம்பினார்களா? தீர்க்கதரிசிகள் சொல்கிற மாதிரி அவ்வளவு முட்டாள்களா? எங்கள் ஊரில் சிற்பி கடைசியாகச் சிலைக்குக் கண் திறக்கும்வரை அது வெறும் கல் என்று எல்லாருக்கும் தெரியும்.

மண்மேடு

நல்ல கேள்வி. நீங்கள் சொல்கிற கண் திறப்புக்கு நெருங்கிய ஒன்று பாபிலோனிலும் அசீரியாவிலும் இருந்தது. சிலை செய்து முடித்ததும் “வாய் கழுவுதல்” என்று சடங்கு. அதைச் செய்யாத சிலை தூபத்தை முகராது, உணவு உண்ணாது, தண்ணீர் குடிக்காது என்று அவர்கள் பலகைகளிலேயே எழுதியிருக்கிறது. அதாவது வெறும் பொருள் கடவுள் ஆகாது என்பது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

சடங்கின் நடுவே ஒரு கட்டம். சிலை செய்த கைவினைஞர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். அவர்கள் ஒவ்வொருவரும், நான் இதைச் செய்யவில்லை, என் தொழிலின் தெய்வமே செய்தது என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்த கையே செய்யவில்லை என்று சொல்கிறது.

இப்போது ஆரோனின் சாக்கை வாசியுங்கள். “அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது.” பிரசங்கங்களில் இந்த வரிக்குச் சபையே சிரிக்கும். ஆனால் அன்றைய உலகில் சிலை தானாகப் பிறந்தது என்பது ஒரு பக்தி வாசகம். ஆரோன் பொய் சொல்லி நழுவினானா, அல்லது இது தெய்வச் செயல் என்று சொல்லப் பார்த்தானா என்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். இருபது வசனத்துக்கு முன்னால்தான் அவன் கையால் கருவி பிடித்து உருவாக்கியதாகச் சொல்லியிருப்பதால், எழுதியவர் அதை நம்பவில்லை என்பது மட்டும் உறுதி.

ஏசாயா 44 இதைத்தான் நையாண்டி செய்கிறது. ஒரே மரத்தில் பாதியை எரித்து ரொட்டி சுட்டுக் குளிர்காய்கிறான், மீதியைத் தெய்வமாக்கி என்னை இரட்சியும் என்கிறான். எதிராளியின் சடங்கை முழுதாக மறைத்துவிட்டு விறகை மட்டும் காட்டுவது நியாயமான வாதம் இல்லைதான். ஆனால் சிறைப்பட்டுப் போன ஊரில், பாபிலோனியத் தெய்வங்கள் தெருவில் ஊர்வலம் போகும்போது எழுதியவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது.

டீக்கடை தாவீது

பொறுமையின்மை என்று பேச ஆரம்பித்துவிட்டுச் சவுல் ராஜாவை விட்டுவிட்டீர்களே. 1 சாமுவேல் 13. பெலிஸ்தர் படை மிக்மாசில் கூடியிருக்கிறது. ஜனங்கள் குகைகளிலும் புதர்களிலும் ஒளிகிறார்கள். ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலியிடுவேன் என்றார் சாமுவேல் தீர்க்கதரிசி. சவுல் ஏழு நாளும் காத்திருந்தான். சாமுவேல் வரவில்லை. ஆட்கள் கலைகிறார்கள், மிச்சம் 600 பேர்தான். சரி என்று தானே தகனபலியைச் செலுத்தினான். செலுத்தி முடிக்கிறான், இதோ சாமுவேல் வந்து நிற்கிறார். ராஜ்யம் போயிற்று.

இங்கே சிலையே கிடையாது. கர்த்தருக்கே செலுத்திய பலி. ஆக, பிரதர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சிலை இல்லாமலும் அதே தவறைச் செய்யலாம். ஆனால் அதனால் சிலை குற்றமில்லை என்று ஆகிவிடாது.

சும்மா படிப்பவன்

சவுல் மேல் எனக்கு எப்போதும் பரிதாபம். ஏழு நாள் என்று சொல்லிவிட்டு ஏழாம் நாள் வராதது சாமுவேல். தாமதித்தவரை யாரும் கேட்பதில்லை.

மரியா டீச்சர்

கேட்டிருக்கிறார்கள் தம்பி. வேதாகமத்திலேயே கேட்டிருக்கிறார்கள். 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டே வசனத்தில் “எதுவரைக்கும்” என்று நான்கு முறை. ஆபகூக் புத்தகம் தொடங்குவதே, எவ்வளவு காலம் கூப்பிடுவேன், நீர் கேட்கவில்லையே என்ற முறையீட்டில்தான். இவர்களுக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. மாறாக, அந்தப் புலம்பலையே ஆலயத்தில் பாட்டாகப் பாடினார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சீனாய்க்கு வருமுன் முணுமுணுத்த இடங்களில் தண்டனையே இல்லை. மாராவில் தண்ணீர் கசந்தது, இனிப்பாக்கிக் கொடுத்தார். சோறு இல்லை என்றார்கள், மன்னா வந்தது. மேரிபாவில் கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்றே கேட்டார்கள், கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது. உடன்படிக்கை செய்தபிறகு எண்ணாகமத்தில் அதே முணுமுணுப்புக்கு நெருப்பு, வாதை, பாம்பு. ஒப்பந்தத்துக்கு முன் பசித்த குழந்தையின் அழுகையாக எடுத்துக்கொண்டது, அதற்குப்பின் வாக்குத் தவறியதாக ஆகிறது.

எண்ணாகமம் 11-ஐ மட்டும் தனியாக வாசியுங்கள். எகிப்தின் மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு என்று ஜனங்கள் கூடார வாசலில் உட்கார்ந்து அழுகிறார்கள். அதே அதிகாரத்தில் மோசே, இந்த ஜனத்தை நானா பெற்றேன், இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுபோடும் என்று கடவுளிடமே சீறுகிறார். சீறியவருக்கு உதவியாக 70 மூப்பர்கள் கிடைத்தார்கள். அழுதவர்களுக்குக் காடை இறைச்சி வந்து, பல்லில் இருக்கும்போதே வாதையும் வந்தது. மோசே போய் அவரிடம் சண்டை போட்டார். மற்றவர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு எகிப்தைப் பார்த்து அழுதார்கள்.

சும்மா படிப்பவன்

டீச்சர், அழகாகச் சொன்னீர்கள். ஆனால் நேரில் பேசினால் செத்துப்போவோம் என்று பயந்தவர்கள் எங்கே போய்ச் சண்டை போடுவார்கள்? மோசேக்கு உள்ளே போக அனுமதி இருந்தது.

நெறியாளர்

சுரூபம் பற்றிய சபைச் சண்டையாகப் போன இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். பண்டைய இஸ்ரவேலர் பற்றி மட்டும் பேசுவோம்.

மண்மேடு

பொறுமை பற்றிப் பேசும்போது வெண்கலப் பாம்பை மறக்கக் கூடாது. எண்ணாகமம் 21-இல் வழியினிமித்தம் ஜனங்கள் மனமடிவாகிறார்கள். சுற்றிச் சுற்றி நடந்து அலுத்துவிட்டது. கொள்ளிவாய்ப் பாம்புகள் கடிக்கின்றன, மோசே கம்பத்தில் வெண்கலப் பாம்பைத் தூக்கிவைக்கிறார், பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். கடவுள் சொல்லியே செய்தது. அதே பாம்புக்கு எருசலேமில் ஜனங்கள் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும், எசேக்கியா ராஜா, ஏறக்குறைய கி.மு. 700 வாக்கில், அதை உடைத்துப்போட்டார் என்றும் 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. ஆகவே யார் சொல்லிச் செய்தார்கள் என்று டீச்சர் வைத்த அளவுகோலும் முழுதாகப் பொருந்தவில்லை.

இந்தப் பாம்பு கதைக்கு ஒரு பக்கத்துணை: தெற்கே திம்னா செப்புச் சுரங்கப் பகுதியில் பென்னோ ரோத்தன்பர்க் தோண்டியபோது, சுரங்கத் தொழிலாளர்களின் சிறு கோயிலில் ஒரு செப்புப் பாம்பு கிடைத்தது. தலையில் மட்டும் தங்கம் பூசியது. காலமும் கி.மு. 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பாம்புக்கும் செம்புக்கும் அந்தப் பாலைவனத்தில் உறவு இருந்திருக்கிறது.

வேதம் எழுதியவர்கள் விரும்பியதற்கும் ஜனங்கள் நிஜமாகச் செய்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஆராத் கோட்டைக் கோயில் போதும். யூதா ராஜ்யத்தின் தெற்கு எல்லைக் கோட்டை. உள்ளே மகாபரிசுத்த இடம், அங்கே ஒரு நடுகல். வாசற்படியில் சுண்ணாம்புக்கல்லில் இரண்டு தூபபீடம். மேற்பரப்பில் இன்னும் கறுப்பாகப் படிந்திருக்கிறது. 2020-இல் அந்தக் கறையைச் சோதித்தபோது ஒன்றில் விலங்குக் கொழுப்போடு சாம்பிராணி, மற்றொன்றில் சாணத்தோடு கஞ்சா. கர்த்தருடைய கோயில்தான், அரசாங்கக் கோட்டைக்குள்தான். இதே போல சீனாய் வடகிழக்கில் குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76-இல் தோண்டியபோது, பெரிய ஜாடி ஒன்றில் “சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்” உன்னை ஆசீர்வதிப்பதாக என்று எழுதியிருந்தது. கி.மு. 800 ஒட்டியது. யாவே என்பது கர்த்தரின் எபிரேயப் பெயர். அவரோடு அசேரா என்ற பெண்தெய்வத்தையும் சேர்த்துக் கும்பிட்டவனுக்கு அவரை விட்டுவிட்டதாக நினைப்பே இருந்திருக்காது.

நூர்

அப்படியானால் எரேமியா தீர்க்கதரிசி காலத்து வானராக்கினி என்ற தெய்வம்? அதுவும் கூடச் சேர்த்துக்கொண்டதா?

கூடாரவாசி

பாய், நான் எழுத நினைத்ததே அதுதான். பொறுமையின்மையின் உச்சம் என் கணக்கில் எரேமியா 44.

7-ஆம் அதிகாரத்தில் அந்த வழிபாட்டின் சித்திரம் இருக்கிறது. பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பாக்கள் தீ மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள், வானராக்கினிக்குப் பணியாரம் சுட. எருசலேம் தெருக்களில் குடும்பத்தோடு நடந்த காரியம். அப்புறம் யோசியா ராஜாவின் சீர்திருத்தம், கி.மு. 622. இதெல்லாம் நிறுத்தப்பட்டது. கி.மு. 609-இல் அந்த நல்ல ராஜாவே மெகிதோவில் செத்தார். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்தது.

எகிப்துக்குத் தப்பிப்போன மிச்சப்பேரிடம் எரேமியா கிழவர், நீங்கள் அந்நிய தெய்வங்களுக்குத் தூபம் காட்டியதால்தான் இந்த அழிவு என்கிறார். அதற்கு அவர்கள், குறிப்பாகப் பெண்கள், முகத்துக்கு நேரே சொல்கிற பதிலைக் கேளுங்கள்: நாங்கள் வானராக்கினிக்குத் தூபம் காட்டினபோது வயிறாரச் சாப்பிட்டோம், ஒரு தீங்கும் இல்லை. அதை நிறுத்தியதிலிருந்துதான் எல்லாம் குறைந்துபோயிற்று, பட்டயத்தாலும் பஞ்சத்தாலும் அழிகிறோம்.

அவர்கள் கணக்கு தப்பு என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை. நிறுத்தியபின்தான் அழிவு வந்தது, தேதி சரியாக இருக்கிறது. அதே சம்பவங்களை எரேமியா வேறு காரணத்தோடு படிக்கிறார். சீனாயில் நாற்பது நாள் பொறுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். இவர்களோ ஏறக்குறைய நாற்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போதும் என்றவர்கள். இவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் இருவர் கேட்டதும் ஒன்றுதான்: நான் செய்ததற்கு இன்னும் ஏன் பலன் வரவில்லை?

டீக்கடை தாவீது

பலன் பார்த்துக் கும்பிடுகிறவன் ராஜாவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கு இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாம். ஜனங்கள் எருசலேமுக்குப் பலியிடப் போனால் மனது யூதா ராஜா ரெகொபெயாம் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்து பெத்தேலில் ஒன்று, தாணில் ஒன்று என்று இரண்டு கன்றுக்குட்டி. எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்த தெய்வங்கள் இவைகளே என்று அவன் சொன்ன வசனம் சீனாயில் சொன்ன அதே வசனம். அவனுக்குத் தெரியாமலா சொல்லியிருப்பான்?

மண்மேடு

தாவீது அண்ணன் அதைத் தொட்டதால் சொல்கிறேன். இரண்டு கதையும் இவ்வளவு ஒத்துப்போவதால், யாத்திராகமம் 32 இப்போதைய வடிவத்தை அடைந்ததே பெத்தேல் கன்றுக்குட்டியைத் தாக்குவதற்காக என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். யெரொபெயாமின் பிள்ளைகள் நாதாப், அபியா. ஆரோனின் மூத்த பிள்ளைகள் நாதாப், அபியூ. தற்செயல் என்று விட மனது வரவில்லை.

சும்மா படிப்பவன்

கடைசியாக ஒன்று. 3,000 பேர் செத்தார்கள். கன்றைச் செய்த ஆரோனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தண்டனையே இல்லாமல் பிரதான ஆசாரியனாகவும் ஆகிவிட்டான்.

மரியா டீச்சர்

யாத்திராகமத்தில் பதில் இல்லை. உபாகமம் 9-இல் மட்டும், ஆரோன் மேலும் கடவுள் கோபம் கொண்டு அழிக்க இருந்தார், நான் அவனுக்காகவும் மன்றாடினேன் என்று மோசே சொல்கிறார். தம்பிக்காக இறங்கிப் பேசியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூர்

டீச்சர், ஆரோன் அண்ணன். மோசேயைவிட மூன்று வயது மூத்தவர்.

மண்மேடு

ஆரோன் வம்சத்து ஆசாரியருக்கும் மோசேயின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆசாரியருக்கும் போட்டி இருந்தது, ஆரோனை இப்படிக் காட்டுகிற கதை மறுதரப்பில் பிறந்தது என்று பிராங்க் மூர் கிராஸ் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் மோசே குடும்பம் தப்பவில்லை. நியாயாதிபதிகள் 17-18 வாசியுங்கள். மீகா என்பவன் வீட்டில் வெள்ளி விக்கிரகம், வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு சம்பளத்துக்கு ஒரு லேவியன். அந்த விக்கிரகத்தையும் லேவியனையும் தாண் கோத்திரத்தார் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் வைக்கிறார்கள். அங்கே ஆசாரியனாக இருந்தவன் கெர்சோனின் மகன் யோனத்தான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கெர்சோனின் அப்பா பெயர் மனாசே என்று இருக்கும். எபிரேயச் சுவடிகளில் அந்தப் பெயரின் ஓர் எழுத்தை மட்டும் வரிக்கு மேலே தூக்கி எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மோசே.

கூடாரவாசி

இதற்குத் தனி இழை வேண்டும். மீகாவின் அம்மா திருடுபோன 1,100 வெள்ளிக்காசுக்குச் சாபம் போட்டதிலிருந்து ஆரம்பிக்கலாம். நாளை தொடங்குகிறேன், தாவீது அண்ணே, நியாயாதிபதிகளை வாசித்துவிட்டு வாருங்கள்.